கொள்ளிடத்துக்கு வடக்கே – 23: கேட்கப்படாத பெண்கள்

சென்ற வாரம் உடையார்பாளையம் அரண்மனையின் சங்கீத சபையோடு நிறுத்தியிருந்தேன். கனம் கிருஷ்ணையர் அங்கே கச்சிக் கல்யாணரங்கரின் ஆதரவில் பாடிய பதங்களைப் பற்றி எழுதியிருந்தேன். உ.வே.சாமிநாதையர் அவர் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதிவைத்ததால் பாடியவர் பெயர் நமக்குத் தெரியும். ஆதரித்த ஜமீன்தார் பெயரும் தெரியும். அந்தப் பதங்களுக்கு அபிநயம் பிடித்த பெண்களின் பெயர்தான் இல்லை. பதம் என்பதே தேவதாசிகளின் ஆட்டத்தோடு சேர்ந்து வளர்ந்த வடிவம். தலைவனை எண்ணி ஏங்கும் பெண்ணின் குரலை ஆண் எழுதினார், ஆண் கேட்டு ரசித்தார். நடுவில் நின்று ஆடியவளை ஏடு விட்டுவிட்டது.

இந்த வாரம் அவளைப் பற்றி எழுத வேண்டும். அவளைப் பற்றி எழுதத் தொடங்கினால் இன்னும் சிலரைப் பற்றியும் எழுதியே ஆக வேண்டும். கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்டுப் பொட்டுக் கட்டிக்கொண்டவள், பஞ்சத்தில் ஊரைவிட்டு ஓடித் திருச்சிப் பட்டாளத்துத் தெருவில் நின்றவள், இன்று பெரம்பலூரைக் கடக்கும் நெடுஞ்சாலை ஓரத்தில் இரவில் நிற்பவள். இந்த மூவரின் வாழ்க்கையும் வேறு வேறு. ஆனால் ஊர் மூவரையும் ஒரே வசைச்சொல்லால்தான் அழைத்தது. சட்டமும் பெரும்பாலும் ஊரின் வழியிலேயே போனது. பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்கலாமா என்று தொலைக்காட்சியில் வாதாடுகிறவர்கள் அதை நேற்று முளைத்த கேள்வியாக நினைக்கிறார்கள். இந்தச் சீமையில் அந்தக் கேள்விக்கு 150 வயதுக்கு மேல் ஆகிறது.

சோழர் காலத்தை விரைவாகக் கடந்துவிடுகிறேன். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு தளிச்சேரிப் பெண்டுகள் என்ற கோயில் பெண்கள் 400 பேரை ராஜராஜன் கொண்டுவந்து, ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் கொடுத்ததைக் கல்வெட்டு வரிசையாகப் பெயரும் வீட்டு இலக்கமும் போட்டுச் சொல்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட அவன் மகன் ராஜேந்திரனின் அணுக்கியார், அதாவது அந்தரங்கத் துணைவி, பரவை நங்கையார். அவரும் அரசனும் திருவாரூர்க் கோயிலில் சேர்ந்து நின்ற இடத்தில் விளக்கு ஒன்று வைக்கப்பட்டதைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கோயில் பெண்கள் நிலமும் பொன்னும் தங்கள் பெயரில் தானம் கொடுத்தார்கள் என்பதைக் கல்வெட்டுகளை ஆராய்ந்த லெஸ்லி ஓர் என்பவர் விரிவாகக் காட்டியிருக்கிறார். இதை வைத்து அதைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. வேறு ஊர்க் கோயில்களிலிருந்து 400 பெண்களைப் பெயர்த்து வரும் ஆணையில் அவர்களின் சம்மதத்துக்கு இடம் இருந்ததாக எங்கும் இல்லை. ஆனால் அவர்களுக்குப் பெயர் இருந்தது. அது முக்கியம்.

பெயர் போய் எண் வந்தது வெள்ளைக்காரன் காலத்தில்.

இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் 1995 வரை திருச்சி மாவட்டத்தின் வடக்குத் தாலுகாக்கள். திருச்சியில் கும்பெனிப் பட்டாளம் இருந்தது. கண்டோன்மென்ட் என்ற பேருந்து நிறுத்தத்தின் பெயரில் அது இன்றும் இருக்கிறது. பட்டாளத்துச் சிப்பாய்களைச் சண்டையில் பட்ட காயத்தைவிட மேகநோய் அதிகமாகப் படுக்கவைத்தது. கல்யாணம் ஆன சிப்பாய்கள் அதிகம் வேண்டாம், செலவு என்று ராணுவம் கணக்குப் போட்டது. சிப்பாயைப் பரிசோதிப்பது அவன் மானத்துக்குக் குறைவு என்று மருத்துவ அதிகாரிகளே வாதாடினார்கள். அப்படியானால் பரிசோதிக்க மிச்சம் இருந்தது பெண்தான்.

1864ஆம் ஆண்டின் கண்டோன்மென்ட் சட்டமும் 1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டமும் வந்தது இப்படித்தான். பட்டாளத்துக்குப் பக்கத்தில் இந்தத் தொழிலில் இருக்கும் பெண் தன் பெயரைப் பதிவுசெய்துகொள்ள வேண்டும். சீட்டு ஒன்று கொடுப்பார்கள். குறித்த நாளில் டாக்டர் முன்னால் போய் நிற்க வேண்டும். நோய் இருந்தால் ‘லாக் ஆஸ்பத்திரி’ என்ற அடைப்பு ஆஸ்பத்திரியில் குணமாகும்வரை வைத்திருப்பார்கள். நிற்காவிட்டால் அபராதம், சிறை. சென்னை மாகாணத்தில் அப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகள் இருந்த பட்டாள ஊர்களில் திருச்சியும் ஒன்று. பெண்கள் பதிவைக் கண்டு ஓடினார்கள், ஊர்களுக்குள் மறைந்தார்கள், சீட்டு இல்லாமலே தொழில் செய்தார்கள். ஆஸ்பத்திரி அறிக்கைகளில் ஆண்டுதோறும் வரும் புலம்பல் இதுதான். பதிவானவள் ஒருத்தி என்றால் பதிவாகாதவர்கள் எத்தனை என்று அரசுக்கே தெரியாது. நோயும் அரசு நினைத்தபடி குறையவில்லை.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. லைசென்ஸ் கொடு, மருத்துவப் பரிசோதனை கட்டாயமாக்கு, ஒரு இடத்தில் வை, பிரச்சினை தீரும் என்று இன்று நல்லெண்ணத்தோடு சொல்கிறவர்கள் உண்டு. அந்த முறை பெரம்பலூரிலிருந்து 60 கிலோமீட்டர் தொலைவுக்குள் நடந்து பார்த்த முறை. அதில் பாதுகாக்கப்பட்டவன் சிப்பாய். அவள் பெற்றது ஒரு சீட்டும் ஒரு அவமானமும்.

நடுவில் தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சுட்டுப்போட்ட பஞ்சம். மழையை நம்பிய புன்செய்ச் சீமை என்ன பாடுபட்டிருக்கும் என்று இந்த வட்டாரத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சம் பெண்களைப் பட்டாள ஊர்களை நோக்கித் தள்ளியதை அந்தக் கால மருத்துவ அறிக்கைகளே ஒப்புக்கொள்கின்றன. அதே பஞ்சத்தில் மதுரையில் குஞ்சரத்தம்மாள் என்ற தாசி தன் சொத்தையெல்லாம் விற்றுக் கஞ்சி காய்ச்சி ஊற்றினார் என்று அந்த ஊர் இன்றும் சொல்கிறது. வயிறு காய்ந்தபோது அவர் கையால் கஞ்சி வாங்கிக் குடிக்க யாருக்கும் தயக்கம் இருந்ததாகக் கதை சொல்லவில்லை.

இங்கிலாந்தில் ஜோசஃபின் பட்லர் நடத்திய இயக்கத்தால் அங்கே இருந்த இதே மாதிரிச் சட்டங்கள் 1886இல் நீக்கப்பட்டன. 1888இல் இந்தியாவிலும் தொற்றுநோய்ச் சட்டம் போனது. லண்டனில் பெண்கள் கூட்டம் போட்டுப் போராடினார்கள். திருச்சியில் சீட்டு வைத்திருந்த பெண்ணை யாரும் எதுவும் கேட்கவில்லை, போடும்போதும் எடுக்கும்போதும்.

கோயில் பெண்களின் பிரச்சினை வேறு வழியில் வந்தது. 1927 நவம்பரில் சென்னைச் சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அவர் புதுக்கோட்டைக்காரர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். அந்தப் பெண்களின் வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. காங்கிரஸ்காரரான சத்தியமூர்த்தி எதிர்த்தார். அந்த மோதலை இன்றும் மேடைகளில் சுவையாகச் சொல்வார்கள். அந்தச் சுவையில் ஒரு மனு மறந்துபோனது.

சென்னை மாகாணத் தேவதாசிகள் சங்கம் அரசுக்குக் கொடுத்த மனு அது. பெங்களூர் நாகரத்தினம்மாள் அதில் முன்னின்றார். கொள்ளிடத்தைத் தாண்டினால் திருவையாறு. அங்கே தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பத் தன் சொத்தைச் செலவிட்டவர் அவர்தான். எங்களை விலைமாதரோடு சேர்த்து ஒரே சட்டத்தில் கட்டாதீர்கள், எங்களுக்குச் சமயக் கல்வியும் இலக்கியக் கல்வியும் கலைக் கல்வியும் கொடுங்கள், எங்கள் பழைய நிலைக்கு நாங்களே உயர்ந்து வருவோம் என்பது அந்த மனுவின் சாரம். எங்கள் சொத்துரிமை போய்விடக் கூடாது என்ற கவலையும் அதில் இருந்தது. அது நியாயமான கவலை. அந்தக் காலத்து இந்துப் பெண்களில் தாய்வழியில் சொத்து வைத்திருந்தவர்கள் அவர்களைப் போல வேறு எத்தனை பேர்?

ஆனால் அந்த மனுவைக் கையில் வைத்துக்கொண்டு முத்துலட்சுமி ரெட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரை நினைத்தால் போதும். சிறு குழந்தையாக ஒரு தாசி வீட்டுக்குச் சில ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் விற்கப்பட்டு, அதிலிருந்து மீறி வெளியே வந்து, ஊர் ஊராகப் போய்ப் பொட்டறுப்பு இயக்கம் நடத்தியவர். 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்று நாவலும் எழுதினார். நாகரத்தினம்மாள் பேசியது வளர்ந்த, வென்ற, சொத்துள்ள கலைஞரின் குரலில். ராமாமிர்தம் பேசியது ஏழெட்டு வயதுக் குழந்தையின் சார்பில். இரண்டும் உண்மை. குழந்தைக்குப் பொட்டுக் கட்டுவதைத் தடுத்ததில் முத்துலட்சுமி ரெட்டி செய்தது முழுக்கச் சரி. வளர்ந்த பெண்ணின் தொழிலையும் சேர்த்துத் துடைத்தபோது சட்டம் எல்லை தாண்டியது.

1929இல் ஒரு திருத்தம் வந்தது. அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும். கோயில் சேவைக்காகத் தேவதாசிகள் அனுபவித்த மானிய நிலத்தை, சேவை செய்ய வேண்டிய கட்டாயத்திலிருந்து விடுவித்து அவர்களுக்கே உரிமையாக்கியது அந்தத் திருத்தம். பெண்ணை விடுதலை செய்கிறோம் என்று சொன்ன அத்தனை சட்டங்களிலும் அவள் கையில் நிலத்தைக் கொடுத்த சட்டம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

1930இல் இன்னொரு சம்பவம். பொட்டுக்கட்டிலிருந்து தப்பி வந்த சில பெண் பிள்ளைகளை எந்த விடுதியிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒழிக்க வேண்டும் என்று கைதட்டிய நகரம், ஒழிந்து வந்த பிள்ளைக்குப் பாய் விரிக்கத் தயாராக இல்லை. முத்துலட்சுமி ரெட்டி அவர்களைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவ்வை இல்லம் அங்கே பிறந்தது.

1947ஆம் ஆண்டின் தேவதாசி ஒழிப்புச் சட்டம் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் நிறைவேறியது. பொட்டுக்கட்டுவது குற்றம், தேவதாசி மணம் செய்துகொள்வது செல்லும் என்றது. அதோடு நிற்கவில்லை. கோயில் வளாகத்திலும் ஊர்வலத்திலும் பெண் ஆடுவதையே சட்டவிரோதமாக்கியது. கும்பாரத்தி எடுத்து ஆடுவதையும் சேர்த்துத்தான். அதற்கு முன்பே, 1930களிலிருந்து, அதே ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில் சபா மேடை ஏறி மரியாதை பெறத் தொடங்கியிருந்தது. காலப்போக்கில் அங்கே ஆடியவர்கள் பெரும்பாலும் வேறு வீட்டுப் பெண்கள்.

சுதந்திர இந்தியா 1950இல் நியூயார்க்கில் ஆள்கடத்தலை ஒடுக்கும் ஒரு சர்வதேச உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டது. அதன் தொடர்ச்சியாக 1956இல் விபசாரத் தடுப்புச் சட்டம் வந்தது. 1986இல் திருத்தப்பட்டுப் பெயர் மாறி இன்றும் அமலில் இருக்கிறது. இந்தச் சட்டத்தைப் பற்றிப் பெரும்பாலோர் தவறாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வயது வந்த பெண் ஒருத்தி தானாக, தனியாக, பணத்துக்கு உடலுறவு கொள்வதை இந்தச் சட்டம் எங்கும் குற்றம் என்று சொல்லவில்லை. விடுதி நடத்துவது குற்றம். ஆளைக் கூட்டிவருவது குற்றம். குழந்தையை இதில் தள்ளுவது கடும் குற்றம், அது அப்படியே இருக்க வேண்டும். ஆனால் மற்ற பிரிவுகளைப் பாருங்கள். கோயில், பள்ளி, ஆஸ்பத்திரி முதலிய இடங்களிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் செய்தால் குற்றம். நம் ஊர்களில் இவற்றிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்கும் இடம் எங்கே இருக்கிறது? பொது இடத்தில் அழைத்தால் 8ஆம் பிரிவு. பெண் அழைத்தால் ஆறு மாதம் வரை சிறை. அதே குற்றத்தை ஆண் செய்தால் ஏழு நாள் முதல் மூன்று மாதம் வரை. 4ஆம் பிரிவின்படி அவள் சம்பாத்தியத்தில் வாழும் 18 வயது தாண்டியவர் யாரும் குற்றவாளி. வேலை தேடிக்கொண்டிருக்கும் மகனும் வயதான தாயும் அதில் மாட்டலாம். தொழில் குற்றமில்லை என்று ஒரு கையால் சொல்லிவிட்டு, அதைச் செய்ய நிற்கும் இடத்தையும் அதில் வரும் சோற்றையும் இன்னொரு கையால் குற்றமாக்கிய சட்டம் இது.

பிடிபட்ட பெண்களைக் காப்பகத்தில் வைக்கலாம் என்றும் சட்டம் சொன்னது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நிர்மலா, தன் பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னபடி எச்.ஐ.வி. ஆய்வுக்கு ரத்தம் சேகரிக்கக் கிளம்பினார். சென்னையில் இந்தத் தொழிலுக்கென்று ஒரு தெரு இல்லை. ஜாமீன் எடுக்க ஆளில்லாமல் அரசுக் காப்பகத்தில் கிடந்த பெண்களிடம்தான் அவர் ரத்தம் எடுத்தார். வேலூரில் சோதித்தபோது ஆறு பேருக்குத் தொற்று தெரிந்தது. இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட எச்.ஐ.வி. தொற்று அதுதான். அந்தப் பெண்களுக்கு அந்த நோய் யாரிடமிருந்து வந்தது என்று ஊர் கேட்கவில்லை. அவர்களால் யாருக்குப் பரவும் என்று மட்டும் கேட்டது. நூறு ஆண்டுக்கு முன்பு திருச்சியில் கேட்ட அதே கேள்வி.

எச்.ஐ.வி.க்குப் பிறகுதான் இந்தப் பெண்களிடம் அரசு முதல்முறையாகப் பேச வேண்டிவந்தது. தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994இல் தொடங்கியது. சென்னை – திருச்சி நெடுஞ்சாலை பெரம்பலூர் வழியாகப் போகிறது. அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் சிமென்ட் ஆலைகளுக்கும் இரவும் பகலும் லாரிகள் வந்துபோகின்றன. லாரி ஓட்டுநர்களையும் நெடுஞ்சாலை ஓரப் பெண்களையும் தேடிப் போய் ஆணுறை கொடுத்து, பரிசோதனைக்கு அழைத்துப் போகும் வேலையைத் தொண்டு நிறுவனங்கள் செய்தன. அந்த வேலையில் அந்தப் பெண்களிலேயே சிலர் களப் பணியாளர்கள் ஆனார்கள். கட்டாயமும் சீட்டும் இல்லாமல், நம்பிக்கையால் மட்டும் நடந்த அந்த வேலைக்குப் பலன் இருந்தது. அப்படிப் போனவர்களுக்கு ஒன்று தெரியும். நம் பக்கத்தில் மும்பைக் காமாத்திபுரா போல, கொல்கத்தா சோனாகாச்சி போல ஒரு தெரு கிடையாது. பகலில் களையெடுக்கவோ சித்தாள் வேலைக்கோ போய், பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வேண்டிய மாதத்தில் மட்டும் இதற்கு வருகிறவர்கள் உண்டு. புருஷன் வீட்டுக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. போன் வந்த பிறகு தெருவில் நிற்பதும் குறைந்துவிட்டது.

இப்போது சட்டபூர்வமாக்கும் விவாதத்துக்கு வரலாம். 2009இல் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று, தடுக்க முடியவில்லை என்றால் ஏன் சட்டபூர்வமாக்கக் கூடாது என்று அரசு வழக்கறிஞரிடம் கேட்டது. 2014இல் தேசிய மகளிர் ஆணையத் தலைவராக இருந்த லலிதா குமாரமங்கலம், சட்டபூர்வமாக்கினால் ஆள்கடத்தலும் நோயும் குறையும் என்றார். அவர் டாக்டர் ப.சுப்பராயனின் பேத்தி. முத்துலட்சுமி ரெட்டி தீர்மானம் கொண்டுவந்தபோது சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர் அந்தச் சுப்பராயன்தான். விடுதிகளையும் தரகர்களையும் ஒடுக்கும் சென்னை மாகாணச் சட்டம் 1930இல் வந்ததும் அவர் காலத்தில்தான். தாத்தா காலத்தில் ஒடுக்கியதைப் பேத்தி காலத்தில் முறைப்படுத்தச் சொன்னார்கள். எதிர்த்தவர்களும் பெண்ணுரிமைக்காரர்களே. விற்கப்பட்ட சிறுமிகளை மீட்டு வளர்க்கும் அவர்களின் அச்சத்தை நான் மதிக்கிறேன்.

வெளிநாடுகளில் மூன்று வழிகள் இருக்கின்றன. ஸ்வீடன் 1999இல் வாங்குகிற ஆணை மட்டும் தண்டித்தது. ஜெர்மனி 2002இல் தொழிலைச் சட்டபூர்வமாக்கி, 2017இல் பெண்கள் பதிவுசெய்துகொள்வதைக் கட்டாயமாக்கியது. நியூஸிலாந்து 2003இல் வயது வந்தவர் செய்யும் தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்தே எடுத்தது. அந்தச் சட்டம் உருவானதில் அந்தப் பெண்களின் அமைப்புக்கும் பங்கு இருந்தது.

என் முடிவு இது. லைசென்ஸும் பதிவேடும் வேண்டாம். பெருநகரத்தில் பதிவேடு ஒரு காகிதம். பெரம்பலூரிலோ ஜெயங்கொண்டத்திலோ செந்துறையிலோ பதிவேடு என்றால் அவள் மகளின் கல்யாணம் நிற்கும், மகன் பள்ளிக்கூடத்தில் தலை குனிவான், வீட்டுக்காரர் சாமானை வெளியே வைப்பார். பெயரைக் கொடுக்காதவள் மறுபடியும் சட்டத்துக்கு வெளியே நிற்பாள், திருச்சியில் சீட்டு வாங்காதவளைப் போல. 8ஆம் பிரிவைப் பெண்கள் மீதிருந்து எடுக்க வேண்டும். அவள் சோற்றை உண்ணும் பிள்ளையையும் பெற்றோரையும் 4ஆம் பிரிவிலிருந்து விலக்க வேண்டும். குழந்தையை விற்பவன், கடத்துபவன், அடைத்து வைப்பவன் மீது சட்டம் இன்றைவிடக் கடுமையாக இறங்க வேண்டும். வெளியேற விரும்புகிறவளுக்குத் தையல் இயந்திரம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது போதாது. 1929 திருத்தம் செய்ததைப் போல அவள் பெயரில் ஒரு சொத்து வேண்டும். பத்திரிகைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: லாட்ஜ் சோதனையில் முகத்தை மூடி ஓடும் பெண்ணின் படத்தைப் போடாதீர்கள். அறைக்குப் பணம் கொடுத்தவன் முகத்தை நீங்கள் ஒருநாளும் போட்டதில்லை.

படம் போடக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. கொல்கத்தாவில் 1999இல் கொலை செய்யப்பட்ட ஒரு பாலியல் தொழிலாளியின் வழக்கில் தொடங்கி, 2011இல் குழு அமைத்து, 2022 மே 19 அன்று இடைக்கால உத்தரவு வந்தது. நீதிபதி நாகேஸ்வர ராவ் தலைமையிலான அமர்வு, இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் கண்ணியம் உண்டு என்றது. காவல்துறை அவர்களை மரியாதையாக நடத்த வேண்டும், ஆணுறையை ஆதாரமாகக் காட்டக் கூடாது, விருப்பத்துக்கு மாறாகக் காப்பகத்தில் அடைத்து வைக்கப்பட்ட வயது வந்த பெண்களைக் கணக்கெடுத்து விடுவிக்க வேண்டும், முகவரிச் சான்று கேட்காமல் ஆதார் கொடுக்க வேண்டும் என்றது.

குழு கொடுத்த பரிந்துரைகள் பத்து. நீதிமன்றம் அமல்படுத்தச் சொன்னவை ஆறு. மீதி நான்கில் தனக்கு மாற்றுக் கருத்து உண்டு என்று ஒன்றிய அரசு தெரிவித்தது. சம்மதத்தோடு தொழில் செய்யும் வயது வந்த பெண் மீது காவல்துறை குற்ற நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பது அந்த நான்கில் ஒன்று. தாயிடமிருந்து குழந்தையைப் பிரிக்கக் கூடாது என்பது இன்னொன்று. சட்டமும் திட்டமும் வகுக்கும்போது இந்தப் பெண்களையும் அழைத்து உட்காரவைத்துக் கேட்க வேண்டும் என்பதும் அந்த நான்கில்தான் இருக்கிறது.